தூரமும் தாமதமும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே 14,498 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தால் சுமார் 17 மணி நேரம். பயண அட்டவணைகளில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், பள்ளிக்கூடத்துப் பாடம்.

இன்றைய பெரிய விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. வகுத்துப் பாருங்கள், 16 மணி சொச்சம் வரும். ஆனால் பெர்த்திலிருந்து கிளம்பினால் 17 மணிக்கு மேலேயே ஆகிறது. லண்டனிலிருந்து திரும்பும்போதோ அதைவிட முக்கால் மணி, ஒரு மணி குறைகிறது. 2024-இல் ஒரு கட்டத்தில் அந்த விமானம் நேராகப் போக முடியாமல் சிங்கப்பூரில் இறங்கி ஏறிப் போனது. இத்தனையிலும் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. நேரம் மட்டும் ஏன் நாளுக்கொரு பேச்சுப் பேசுகிறது?

முதலில் கோட்டைப் பார்த்துவிடலாம். சுவரில் மாட்டும் உலகப் படம் இதற்கு உதவாது. உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. தூரத்தைப் பற்றி அது சொல்வதை நம்பக் கூடாது. மேசைமேல் வைக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் நுனியைப் பெர்த்தில் வைத்து, மறுநுனியை லண்டனில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். தொய்வில்லாமல் நிற்கும் அந்த நூல்தான் இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறுகிய வழி. பெருவட்டம் என்று அதற்குப் பெயர்.

அந்த நூல் போகும் இடங்களைப் பார்த்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். பெர்த்தை விட்டதும் இந்தியப் பெருங்கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர். கோகோஸ் தீவுகள் மட்டும் வழியில் சற்று ஒதுங்கிக் கிடக்கின்றன. பிறகு இலங்கையின் தென்கரையில் கிரிந்தைக்கு அருகே கரையேறி, கண்டிப் பக்கமாகத் தீவைக் குறுக்கே கடந்து, புத்தளத்தில் மறுபடி கடலில் இறங்குகிறது. மன்னார் வளைகுடாவைத் தாண்டிக் கீழக்கரையை ஒட்டி நம் மண்ணைத் தொடுகிறது. மானாமதுரை வட்டாரம், திண்டுக்கல், கொங்கு நாட்டின் மேற்குப் பகுதி, நீலகிரி. அப்புறம் கர்நாடகக் கடற்கரை, அரபிக்கடல். ஈரானைக் கோணத்துக்குக் கோணம் வெட்டிக்கொண்டு போய், காகசஸ் பகுதி, கருங்கடல், உக்ரைனின் ஒடேசா, ஜெர்மனி, கடைசியில் லண்டன்.

மானாமதுரையில் பானை வனைகிறவருக்கும் திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவருக்கும் தங்கள் தலைக்கு மேலே பெர்த்துக்கும் லண்டனுக்குமான குறுக்கு வழி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பூமி அந்தக் கோட்டை வரைந்து வைத்து யுகங்கள் ஆகின்றன. அதன்மேல் நடமாட மனிதனுக்கு இப்போதுதான் முடிந்தது. அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை.

சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போக ஐந்தாறு வாரம் பிடித்தது. அந்தக் கப்பல்கள் கொழும்பில் நின்று நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பத்துப் பவுண்டு கட்டணத்தில் ஆஸ்திரேலிய அரசு பிரிட்டிஷ் குடும்பங்களைக் குடியேற்றியபோதும் பெரும்பாலோர் கப்பலில்தான் போனார்கள். துறைமுகத்தில் கையசைத்து வழியனுப்பிய பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

வானத்தில் முதல் வழியைப் போட்டவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும் அவர்களுடைய இரண்டு மெக்கானிக்குகளும். 1919 நவம்பர் 12 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார்கள். 28 நாள். விமானத்துக்குக் கூரை கிடையாது; மழை, பனி எல்லாம் முகத்தில்தான். 30 நாளுக்குள் வந்து சேர்ந்தால் பத்தாயிரம் பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது.

1935-இல் லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பயணிகள் விமானத்தில் பன்னிரண்டரை நாள். பகலில் பறப்பதும் இரவில் ஓட்டலில் தூங்குவதுமாகப் போனார்கள். 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கான்ஸ்டலேஷன் விமானத்தை விட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கிப் போய்ச் சேர நான்கு நாள். 29 பேர்தான் ஏறலாம். 2018 மார்ச் 24 அன்று மாலை பெர்த்தில் கிளம்பிய விமானம் மறுநாள் விடியுமுன் லண்டனில் இறங்கியது. ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த, எங்கும் நிற்காத முதல் பயணிகள் சேவை அதுதான்.

இந்த வரலாற்றை இப்படி வேகமாகச் சொன்னால் ஒரு தப்பான பாடம் மனத்தில் பதிந்துவிடும்: மனிதன் வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தூரத்தை வென்றான் என்று. பாதிக் கதைதான் அது. 1958 அக்டோபரில் போயிங் 707 சேவைக்கு வந்தபோதே மணிக்கு 900 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று பெர்த்திலிருந்து கிளம்பும் போயிங் 787-இன் வேகமும் ஏறத்தாழ அதேதான். நடுவில் கான்கார்டு வந்தது, ஒலியைப் போல் இரு மடங்கு வேகம். 1996-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணிக்கும் குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் அதனால் ஒரே மூச்சில் ஏழாயிரம் கிலோமீட்டர் அளவுக்குத்தான் போக முடியும். பெர்த்–லண்டன் தூரத்தில் பாதி. 2003-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் நான்கு நாளை 17 மணியாக்கியது எது? ஜெட் கொடுத்த வேகம் ஒரு பங்கு. மற்றொரு பங்கு, நிற்காமல் போகும் திராணி.

அந்தத் திராணியின் கதையைக் கிட்டத்தில் பார்க்க, அந்த நூல் தொட்ட இலங்கையின் தென்கரைக்கே போக வேண்டும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி நடுவில் அறுந்துபோனது. அதை மறுபடி முடிய ஒரே வழி, பெர்த்திலிருந்து இலங்கைவரை கடலை ஒரே தாவலில் தாண்டுவது. காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்ற ஊரில் ஒரு ஏரி இருக்கிறது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர். பிரிட்டிஷ் விமானப்படை அந்த ஏரியை நீர்விமானத் தளமாக்கிக்கொண்டது; ஊரார் வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இந்த ஏரிக்குச் சுமார் 5,650 கிலோமீட்டர். 1943-இல் குவாண்டாஸ் அந்த வழியில் கேட்டலினா நீர்விமானங்களை விடத் தொடங்கியது. மொத்தம் ஐந்து விமானங்கள்.

கேட்டலினாவின் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவுதான். இன்று நம் ஊர் வழியே ஓடும் வந்தே பாரத் ரயில் வடிவமைக்கப்பட்ட உச்ச வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த வேகத்தில் 5,650 கிலோமீட்டர் என்றால் ஒரு பகலும் ஒரு இரவும் போதாது. சாதாரணமாக 28 மணி நேரம் ஆனது. எதிர்க்காற்று மோசமான நாளில் 32 மணியைத் தாண்டியது. அத்தனை நேரத்துக்கும் எரிபொருள் வேண்டுமே? விமானத்துக்குள்ளேயே கூடுதல் தொட்டிகள் வைத்தார்கள். எடையைச் சமாளிக்க, குளிர் தாங்கும் உள்ளுறையைப் பிடுங்கினார்கள். பனி உறையாமல் காக்கும் கருவியைக் கழற்றினார்கள். அப்படியும் ஏறக்கூடியவர்கள் மூன்றே பயணிகள். கூடவே 69 கிலோ தபால். கிளம்பி முதல் பல மணி நேரத்துக்கு, இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும் மற்றதால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது.

வழியில் ஜப்பானிய விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. எதிரி நடமாடும் பகுதியை இருட்டில் கடந்துவிட வேண்டும். கீழே அடையாளத்துக்கு ஒரு மரம் கிடையாது, மேலே வழிகாட்ட ஒரு குரல் கிடையாது. வழி பார்ப்பவர் கையில் கோணமானியை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களை அளந்து இடத்தைக் கணித்தார். அந்த ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கத்தின் திருவோணம்தான் ஆல்டேர், கேட்டைதான் அன்டாரிஸ், சித்திரைதான் ஸ்பைகா. அந்தப் பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை பார்க்கலாம் என்பதால் ‘இரட்டை உதயம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு இரட்டை உதய ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலைவரை 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினார்கள்.

2018-இல் பெர்த்தில் கிளம்பியவர்கள் ஒரு உதயம்கூடப் பார்க்கவில்லை. அந்தி சாய்ந்து கிளம்பி, மேற்கு நோக்கி இரவோடு இரவாகவே ஓடி, லண்டனில் பொழுது புலரும் முன் இறங்கினார்கள். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. ஆனாலும் இரண்டிலும் வேலை செய்த சூத்திரம் ஒன்றே: சுமையை இறக்கு.

நெடுந்தூர விமானத்தின் தொல்லையே எரிபொருள்தான். தொலைவான ஊருக்குப் போகும் மாட்டு வண்டியில் மாட்டுக்கான வைக்கோலையும் ஏற்ற வேண்டும். அந்த வைக்கோலின் பாரத்தை இழுக்க மாடு இன்னும் கொஞ்சம் வைக்கோல் தின்னும். பெர்த்–லண்டன் விமானம் கிளம்பும்போது எரிபொருள் மட்டும் தொண்ணூறு டன்னுக்கு மேல். அதில் கணிசமான பங்கு, மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே எரிகிறது. அதனால் வேறு சில நிறுவனங்கள் முந்நூறு இருக்கைகள் வரை போடும் அதே ரக விமானத்தில் குவாண்டாஸ் 236 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-இல் 161 பேர்தான் ஏறலாம். சாதாரண வகுப்பே கிடையாது. கேட்டலினாவில் மூன்று பேர், இதில் 161 பேர். அளவு மாறியிருக்கிறது, விதி மாறவில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவுக்குக் கையில் இருப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விதி காற்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜப்பானின் வசபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களை விட்டு அதை அளந்தார். ஆனால் முடிவுகளை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் கவனிக்கவில்லை. சில நாளில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அது. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில், நியூயார்க்கில் கிளம்பிய சாதாரணப் பயணிகள் விமானம் ஒன்று அந்தக் காற்றில் ஏறிக்கொண்டு ஐந்து மணிக்கும் குறைவான நேரத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி ஆகும் பயணம். பெர்த்திலிருந்து லண்டன் போகிறவர் இதே காற்றை எதிர்த்துப் போகிறார். திரும்பி வருகிறவரை அது முதுகில் தள்ளிவிடுகிறது. முதலில் கேட்ட கணக்கில் விடுபட்ட மணி நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

காற்றின் கணக்கு இன்னும் ஒரு வேடிக்கை செய்யும். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராக ஏறியது. பயண நேரமோ பதினான்கரை மணியாக இறங்கியது. முன்பு எதிர்த்த காற்று இப்போது துணைக்கு வந்துவிட்டது. சுற்று வழியில் 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் போனவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்.

நம் கடற்கரையில் பாய்மரம் ஓட்டியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று பார்த்துத்தான் தோணியைக் கடலில் இறக்கினார்கள். காற்றோடு மல்லுக்கட்டியவன் கரை சேரவில்லை. காத்திருந்து ஏறியவன் சேர்ந்தான். இன்றைய விமானத்தில் கணினி அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அன்றைய காற்றை வாங்கி, அன்றைக்கென்று ஒரு வழி போட்டுக் கொடுக்கிறது. இருக்கைக்கு எதிரே இருக்கும் திரையில் அந்த வழி வளைந்து வளைந்து போவதைப் பார்த்து, ‘ஏன் நேரே போகக் கூடாதா?’ என்று எரிச்சல்படுகிறோம். அந்த வளைவில்தான் நமக்கு மிச்சமாகும் மணி நேரம் இருக்கிறது.

ஆக, இயற்கை வைத்த தூரத்தை மனிதன் வென்ற விதம் இதுதான். சுமையை இறக்கினான். காற்றுக்குப் பணிந்தான். சுற்று வழியை ஏற்றான். பொறுமையாக நிற்காமல் போனான். இதில் ஒன்றுகூட அடக்கி ஆளும் காரியம் கிடையாது. எல்லாமே விட்டுக்கொடுக்கும் காரியம்.

சுமை, காற்று போக மூன்றாவது தடை ஒன்று மீதி இருக்கிறது. அங்கே இந்த உபாயங்கள் எதுவும் செல்லவில்லை.

நூலை மறுபடி பாருங்கள். பெர்த்–லண்டன் கோடு ஈரானின் மேல் போகிறது, ஒடேசாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நுழைந்ததும் உக்ரைன் தன் வானத்தைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. 2024 ஏப்ரலில் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் மோதல் முற்றியபோது குவாண்டாஸ் ஈரான் வானத்தை விட்டு விலகியது. விலகிச் சுற்றிப் போக, முழு ஆள் ஏற்றிய விமானத்தின் எரிபொருள் போதவில்லை. அப்போதுதான் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக நேர்ந்தது. லண்டனிலிருந்து திரும்பும் விமானமோ அதே சுற்று வழியில், எங்கும் இறங்காமல் வந்தது. பின்காற்று கைகொடுத்தது. மனிதன் மூடிய வழிக்குக் காற்றுதான் ஈடுகட்டியது.

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நடந்ததை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் 1983-இல் டோக்கியோவுக்கு நேர் விமானம் விட்டபோது சோவியத் வானத்தில் நுழைய முடியாமல் வடதுருவத்தைச் சுற்றிப் போனது. சுமார் 13 மணி. பிறகு பனிப்போர் ஓய்ந்தது, சைபீரியா திறந்தது, பயணம் ஒன்பதரை மணி அளவுக்கு வந்தது. 2022-இல் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. மறுபடி துருவத்தைச் சுற்றி, மறுபடி 13 மணி. நாற்பது ஆண்டில் எஞ்சின் மேம்பட்டது, இறக்கை மேம்பட்டது, கணினி வந்தது, செயற்கைக்கோள் வந்தது. பயண நேரம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. பொறியாளர்கள் குறைத்துக் கொடுத்ததைத் தகராறு திருப்பி எடுத்துக்கொண்டது.

இதற்கு ஹெல்சிங்கிவரை போக வேண்டியதும் இல்லை. நூல் மன்னார் வளைகுடாவைத் தாண்டுகிறதே, புத்தளத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே? விமான வேகத்தில் அது பன்னிரண்டு நிமிடம். அதற்கு வடக்கே, அதே கடலின் அடுத்த துண்டில், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் 350 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு காலத்தில் பலாலியிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் விமானம் போய் வந்தது. 1970-களின் இறுதியில் அது நின்றது. பிறகு போர் வந்தது. 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. ஏ9 சாலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர் முதலில் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். அதுவும் வழி திறந்திருந்தால். திறக்காத காலத்தில் அந்த 350 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை மணி என்ற கேள்விக்கே பொருளில்லை. கல்யாணத்துக்குப் போக முடியாத அக்காமாரும் சாவுக்குப் போக முடியாத தம்பிமாரும் இரண்டு கரையிலும் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014-இல் திரும்பி வந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2019 நவம்பரில் திரும்பி வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. பயணம் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடுகிறது, சிறிய விமானத்தில்தான். எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இதற்குத் தேவைப்படவில்லை. கேட்டலினா காலத்து விமானமே போதும். ஒன்றரை மணி நேரப் பயணத்தை நாற்பது ஆண்டு தாமதப்படுத்தியது கடலும் இல்லை, காற்றும் இல்லை.

இந்த இரண்டு தூரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14,498 கிலோமீட்டரை 17 மணியில் கடக்கிறோம். 350 கிலோமீட்டரை நாற்பது ஆண்டு நேராகக் கடக்க முடியாமல் இருந்தது. முதலாவதில் எதிரே இருந்தது பூமி. அது கறாரானது, ஆனால் நேர்மையானது. அதன் விதி தெரிந்து பணிந்துபோனால் வழி விடும். இரண்டாவதில் எதிரே இருந்தவர்கள் மனிதர்கள். அங்கே தேவைப்பட்டதும் அதே சரக்குத்தான்: சுமையை இறக்குவது, சுற்று வழிக்குச் சம்மதிப்பது, விட்டுக்கொடுப்பது. காற்றுக்குப் பணிய நாம் கூசுவதில்லை. சக மனிதருக்குப் பணிவதுதான் மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

நாடுகளுக்கு மட்டும் உள்ள நோய் இது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பத்து வருஷமாகப் போகாதவர்கள் நம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நடந்தால் ஐந்து நிமிடம். ஒரு வரப்புத் தகராறு, ஒரு பத்திரத்தில் போட்ட கையெழுத்து, ஒரு விசேஷத்தில் முறையாக அழைக்காதது. அந்த ஐந்து நிமிடத்தின்மேல் ஏற்றி வைத்த சுமை அவ்வளவுதான். தூரம் இயற்கை போட்ட கணக்கு. தாமதம் நாம் போட்ட கணக்கு. முதல் கணக்கை மனிதகுலம் ஒரு நூற்றாண்டில் திருத்தி எழுதிவிட்டது. இரண்டாவதைத் திருத்துவதற்கு விமானப் பொறியாளர் யாரும் வரமாட்டார்.

‘அவ்வளவு தூரம் எப்படிப் போவது?’ என்று இனி யாரைப் பற்றியாவது சொல்ல வாயெடுத்தால், அந்தத் தூரத்தில் பூமிக்குரிய பங்கு எவ்வளவு, நமக்குரிய பங்கு எவ்வளவு என்று ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பூமியின் பங்குக்கு டிக்கெட் கிடைக்கும். நம் பங்கை நாம்தான் இறக்கி வைக்க வேண்டும்.